வாயில் மிஞ்சின ஒரு வார்த்தை

மேற்குத் தாம்பரம்,
6-2-1972

அன்புள்ள சவுந்தரிக்கு,

உன் தபீதாள் தோத்திரம் சொல்லி எழுதுகிறேன். ஞானசௌந்தரி என்று முழுப் பேரையும் எழுதினால் இன்லண்ட் லெட்டரில் இடம் காணாது. அதனால் ஞானத்தை விட்டுவிட்டேன். உனக்கு அது இல்லாமலேயே காலம் ஓடுகிறதே.

ஒரு மாதமாக ஏன் எழுதவில்லை என்று கோபிக்காதே. எங்கள் வீட்டு டி.டி.ஆருக்கு, அதான் என் வீட்டுக்காரருக்கு, கை கால் விழுந்துவிட்டது. ஜனவரி எட்டாம் தேதி காலையில் சவரம் பண்ணிக்கொண்டிருந்தார். கண்ணாடி விழுந்த சத்தம் கேட்டு ஓடினேன். ஒரு கன்னத்தில் சோப்பு, ஒரு கன்னம் வழுவழுவென்று, மனுஷர் தரையில் கிடக்கிறார். வலது கை, வலது கால், வாய் எல்லாம் போச்சு. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இருபது நாள். இப்போது வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். கம்பை ஊன்றிக் கொஞ்சம் நடக்கிறார்.

பேச்சைக் கேட்கிறாயா? ஒரே ஒரு வார்த்தைதான் மிஞ்சியிருக்கிறது. "சரி." காப்பி வேணுமா, சரி. வேணாமா, சரி. உங்க பேர் என்ன, சரி. முப்பது வருஷமாக பெர்த் கேட்டவனுக்கெல்லாம் "இல்லை, கிடையாது" என்றே சொல்லிப் பழகின வாய் சவுந்தரி இது! என்னிடம் மட்டும் வேறு மாதிரியா பேசினார்? இப்போது ஆசை தீரக் கேட்கிறேன். "பட்டுப்புடவை வாங்கட்டுமா?" சரி. "உங்க அக்கா வந்தா வாசல்லயே நிக்க வெச்சு அனுப்பட்டுமா?" சரி. பெற்ற மகள் யூனிஸே என்னைத் திட்டுகிறாள். சிரிக்காவிட்டால் அழ வேண்டியிருக்கும், எனக்கு அழுகை பொருந்தாது, மூக்கு தக்காளியாகிவிடும்.

டாக்டர் சுந்தரராமன் நல்லவர். படம் போட்டுக் காட்டினார். மூளையில் இடது பக்கம்தான் பேச்சுக்கு இடமாம், அங்கே ரத்தம் அடைத்துக்கொண்டதாம். சின்னக் குழந்தைக்கு இப்படி ஆனால் மூளையின் மறுபக்கம் பேச்சைக் கற்றுக்கொண்டுவிடுமாம். ஐம்பத்து நாலு வயதில் மெள்ள மெள்ளத்தான் வருமாம். "நீங்க சொல்றது அவருக்குப் புரியும்மா. ஆனா அவர் வாயில வர்றது அவர் நினைச்சதுன்னு நம்பாதீங்க. தலையாட்டுறதுகூட மாறிப்போகும்" என்றார். "டாக்டர், இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தினவளுக்கு இவர் மனசு தெரியாதா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

இன்னொரு அதிசயம் கேள். கோயிலில் பாட்டு எடுத்தால் இவரும் பாடுகிறார்! ஒரு வார்த்தை தப்பாமல் நாலு சரணமும். பாட்டு முடிந்ததும் மறுபடி "சரி". பாட்டுக்கு மூளையில் வேறு இடமாம்.

கிறிஸ்மஸுக்கு வந்தபோது ஒரு சின்ன கவுன் தைத்துக்கொண்டிருந்தாயே, மார்பில் தேன்கூடு மாதிரி மடிப்பு வைத்து. ஓரத்தில் நம்முடைய நீல முடிச்சுகூடப் போட்டிருந்தாய். அந்த முடிச்சுக்காக போர்டிங்கில் தையல் டீச்சரிடம் நாம் ரெண்டு பேரும் வாங்கின அடி இன்னும் வலிக்கிறது. பேரப்பிள்ளை இல்லாத வீட்டில் கவுன் யாருக்கடி?

உன் சிநேகிதி,
தபீதாள்


அரக்கோணம்,
12-2-1972

பிரியமுள்ள தபீதாளுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் முழங்காலில் நின்றேன். ஜெபராஜ் அண்ணனுக்காக இங்கே பெண்கள் கூட்டத்தில் விசேஷ ஜெபம் நடத்தினோம். நீ சிரித்துச் சிரித்து எழுதினாலும் எனக்கு உள்ளே இருப்பது தெரியும். ஐந்தாம் வகுப்பில் உன்னை பெயிலாக்கினபோதும் நீ இப்படித்தான் சிரித்தாய்.

கவுன் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு.

இந்த நேரத்தில் இதை எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். நம் பிள்ளைகள் விஷயம். என் எட்மண்டுக்கு முப்பதாகப் போகிறது. ஆந்திராப் பக்கம் பெசவாடாவில் ரயில்வே குவார்ட்டர்ஸில் தனியாகப் பொங்கித் தின்கிறான். யூனிஸைக் கொடு என்று நான் கேட்டபோது உனக்கு எவ்வளவு சந்தோஷம்! அண்ணன்தான் டூட்டியில் பெசவாடா போய் அவனைப் பார்த்துவிட்டு வந்து "வேணாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்தார். காரணமும் சொல்லவில்லை. ரெண்டு வருஷம் போய்விட்டது. உன் பெண்ணுக்கும் இருபத்து நாலு.

கர்த்தர் அண்ணனுடைய வாயிலிருந்து எல்லா வார்த்தையையும் எடுத்துக்கொண்டு இந்த ஒன்றை மட்டும் விட்டுவைத்திருக்கிறார். அது ஏன் என்று நீ யோசித்தாயா? டாக்டர்கள் படித்தவர்கள், எல்லாவற்றுக்கும் ஒரு படம் போடுவார்கள். போதகர் முன்னால் ஒரு தரம் கேட்டுப் பார். நாலு பேர் சாட்சியாக இருக்கட்டும்.

உன் உயிர்த்தோழி,
ஞானசௌந்தரி


மேற்குத் தாம்பரம்,
5-3-1972

அடி என் சம்பந்தி அம்மா,

ஆமாம், அப்படித்தான் கூப்பிடுவேன். கேட்டாயிற்று!

நம் சபைப் போதகர் ஏசுபாதம் ஐயா நேற்று ஜெபம் பண்ண வந்தார். கூடவே இரண்டு மூப்பர்கள். ஜெபம் முடிந்து, ஆளுக்கொரு வடையும் காப்பியும் கொடுத்துவிட்டு, நான் இவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "என்னங்க, நம்ம யூனிஸை சவுந்தரி மவன் எட்மண்டுக்குக் கொடுத்துடலாமா?" என்றேன்.

என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் "சரி" என்றார். "சரி, சரி" என்று இன்னும் இரண்டு தரம், இடது கையால் மேஜையைத் தட்டிக்கொண்டே சொன்னார். தட்டின வேகத்தில் காப்பி டம்ளர் பறந்து மூப்பர் வேட்டியில் கொட்டிவிட்டது. "சந்தோஷத்துல கை நிக்கல ஐயா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். போதகர், "ஆண்டவர் கட்டின நாவுக்கு எந்த நேரம் எதைச் சொல்லணும்னு தெரியும்" என்றார். உடனே ஒரு பாட்டு எடுத்தார். இவரும் பாடினார். அழுதுகொண்டே பாடினார். இந்த வியாதிக்காரர்களுக்குக் கண்ணீர் சீக்கிரம் வந்துவிடும் என்று டாக்டர் முன்னமே சொல்லியிருக்கிறார்.

யூனிஸ் என்ன சொன்னாள் என்கிறாயா? "அப்பா மனசார சொன்னா சரிதான்மா. ஆனா நீ அவர் கண்ணப் பாத்தியா?" என்றாள். டைப் அடிக்கிற பெண், எதிலும் ஒரு பிழை தேடுவாள். ஸ்லேட்டைக் கொடுத்து "எழுதுங்கப்பா" என்றாள். இடது கையால் கோடு கோடாய்க் கிறுக்கினார். எழுத்தும் அந்தப் பக்கத்தோடு போய்விட்டதாம். ஸ்லேட்டைத் தரையில் போட்டுவிட்டார். உடைந்துவிட்டது.

முடிச்சூரிலிருந்து பால் கொண்டுவருகிற தனம் பார்த்துக்கொண்டே நின்றாள். "இன்னாம்மா, ஐயா வாய் சரின்னுது, மூஞ்சி வேற மாரி கீதே" என்றாள். "நீ பால்ல தண்ணி எவ்ளோ ஊத்துறேன்னு கேட்டாலும் உன் மூஞ்சி வேற மாதிரிதான் ஆகும்" என்று அனுப்பிவிட்டேன்.

டாக்டரை ஒரு வார்த்தை கேட்கலாமா என்று தோன்றியது. அப்புறம் எதற்கு என்று விட்டுவிட்டேன். நல்ல காரியத்துக்கு மருந்துச்சீட்டா வேண்டும்?

லெந்து நோன்புக் காலம் முடியட்டும். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறே கோயிலில் கல்யாண அறிவிப்பு முதல் ஓலை வாசிக்கச் சொல்லலாம்.

சந்தோஷத்தில் எழுத்து கோணுகிற
தபீதாள்


அரக்கோணம்,
11-3-1972

பிரியமுள்ள தபீதா,

ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம். ஓலை ஏப்ரல் 9, 16, 23. கல்யாணம் 26 புதன்கிழமை. எட்மண்டுக்கு லீவு கிடைத்துவிட்டது. பெரிதாக ஒன்றும் வேண்டாம். நீ நகை, சீர் என்று அலையாதே. பெண் வந்தால் போதும்.

பெசவாடா வீட்டைப் பார்க்க வேண்டும் என்று நினைத்திருந்தால் அது வேண்டாம். அண்ணனை விட்டுவிட்டு நீ எப்படி வருவாய்? எல்லாம் கல்யாணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஞானசௌந்தரி


மேற்குத் தாம்பரம்,
17-4-1972

அன்புள்ள சவுந்தரி,

நேற்றுக் கோயிலில் நடந்த கூத்தை எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

முதல் ஓலைக்கு இவருக்குக் காய்ச்சல், கூட்டிப் போகவில்லை. நேற்று சட்டை மாட்டி, தலைவாரி, ரிக்‌ஷாவில் ஏற்றிக் கொண்டுபோனேன். முன் பெஞ்சில் உட்காரவைத்தேன். போதகர் ஓலையை வாசித்தார். அரக்கோணம் சபை எட்மண்டுக்கும், தாம்பரம் சபை யூனிஸுக்கும் விவாகம், இது இரண்டாம் தரம், தடை உண்டென்று அறிந்தவர்கள் இப்போதே சொல்ல வேண்டும் என்றார். வழக்கம்போல எல்லோரும் தொண்டையைச் செருமிக்கொண்டு சும்மா இருந்தார்கள்.

இவர் எழுந்தார்! யாரும் பிடிக்காமல், இடது கையால் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு தானாக எழுந்தார். "சரி!" என்று கத்தினார். கோயில் ஜன்னலில் இருந்த புறாவெல்லாம் பறந்தது. "சரி! சரி! சரி!" வாய் கோணி எச்சில் வழிகிறது, முகம் செக்கச்சிவப்பு. ஓலையை நோக்கிக் கையை வேறு வீசுகிறார். சட்டையைப் பிடித்து இழுத்தேன், உட்காரவில்லை. பின் பெஞ்சுப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். போதகரும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தகப்பனே சம்மதம் சொல்லிட்டார், இனி யார் தடை?" என்றார். சபை முழுக்க ஆமென் சொன்னது.

அதற்கப்புறம்தான் உட்கார்ந்தார். பாட்டு எடுத்தபோது வாயைத் திறக்கவில்லை. வியாதி வந்தபிறகு முதல் தடவையாகப் பாடாமல் இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் யூனிஸின் கையைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. சாப்பிடும்போதும் விடவில்லை. அவள் ஒரு கையால் அவருக்கு ஊட்டி, அதே கையால் தானும் சாப்பிட்டாள். "கல்யாணம் ஆனாலும் பொண்ணு எங்க போயிடப்போறா, ரயில் உங்க ரயிலு, பாஸ் உங்க பாஸு" என்றேன். என் பக்கம் திரும்பவே இல்லை மனுஷர். என் மேல் என்ன கோபமோ தெரியவில்லை.

தபீதாள்


அரக்கோணம்,
19-4-1972

தபீதா,

அவசரத்தில் கார்டு. மூன்றாம் ஓலைக்கு அண்ணனைக் கூட்டிப்போக வேண்டாம். உடம்புக்கு ஆகாது. கல்யாணத்தன்றும் கடைசியில் கொண்டுவந்து உட்காரவைத்தால் போதும். டாக்டரிடமும் இப்போது போகாதே. மற்றதெல்லாம் நேரில்.

ஞானசௌந்தரி


மேற்குத் தாம்பரம்,
20-7-1972

அன்புள்ள சவுந்தரி,

கல்யாணம் முடிந்து மூன்று மாதம் ஆகிறது, சம்பந்தியம்மாவிடமிருந்து ஒரு வரி கிடையாது. சிநேகிதியாக இருந்தபோது இரண்டு பக்கம் வரும்.

யூனிஸும் அப்படித்தான். "நான் நலம். அப்பாவைக் கவனித்துக்கொள்." அவ்வளவுதான், தந்தி மாதிரி. அவள் ஆபீசில் டைப் அடித்த கடிதங்களில்கூட இதைவிட அன்பு இருக்கும். மாப்பிள்ளை எப்படி என்று கேட்டேன், அதற்குப் பதிலே இல்லை. புதுசில் வெட்கம் என்று நினைத்துக்கொள்கிறேன். கல்யாணத்தன்று காலில் விழுந்த மாப்பிள்ளைக்கு மாமனார் கையைத் தூக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது மனதில் இருக்குமோ? வியாதிக்காரர் என்று நீ மாப்பிள்ளைக்கு எடுத்துச் சொல்.

இங்கே ஒரு நல்ல சேதி. டாக்டர் சுந்தரராமன் ஒரு வைத்தியம் சொன்னார். மருந்து இல்லை, பாட்டு! இடது பக்கம் பேச்சு கெட்டாலும் வலது பக்கம் பாட்டு கெடவில்லை அல்லவா? அந்த வழியாகப் பேச்சைக் கூப்பிட வேண்டுமாம். இவருக்குப் பழக்கமான கோயில் ராகத்தில் வேண்டிய வார்த்தையை வைத்து நான் பாட வேண்டும். அவருடைய இடது கையைப் பிடித்து எழுத்துக்கு எழுத்து மேஜையில் தட்ட வேண்டும். தண், ணி, வே, ணும். முதல் மாதம் ஒன்றும் வரவில்லை, எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டதுதான் மிச்சம். போன வாரம் வந்துவிட்டது சவுந்தரி! தண்ணி வேணும் என்று ராகத்தோடு கேட்டார். ஞாயிற்றுக்கிழமை என் பேரைப் பாடினார். கல்யாணமான நாளிலிருந்து "ஏய்" என்று கூப்பிட்ட மனுஷர்! தனம் வாசலில் நின்று, "ஐயா தண்ணி கேக்கசொல்லோ நமக்கே கும்புடத் தோணுதும்மா" என்கிறாள்.

ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் முடியும். அதற்குமேல் களைத்துப் போகிறார். ஆனால் இந்தச் சில நாளாக நான் சொல்லிக்கொடுக்கிற வார்த்தையை அவர் விரும்புவதில்லை. என் கையைத் தள்ளிவிட்டுத் தானே தட்டுகிறார். எதையோ தேடுகிறார். என்னவென்று வந்ததும் எழுதுகிறேன்.

தபீதாள்


அரக்கோணம்,
2-8-1972

தபீதாளுக்கு,

அண்ணனுக்குச் சுகம் என்று அறிந்து சந்தோஷம். ஆனால் பாட்டு, தட்டு என்று அந்த மனுஷரை ஏன் வாட்டி எடுக்கிறாய்? மூளைக்கு ஓய்வு வேண்டாமா? பேசித்தான் என்ன ஆகப்போகிறது? இருக்கிற வார்த்தையே போதும் என்று விட்டுவிடு. இப்படியே நிம்மதியாக இருக்கட்டும்.

யூனிஸ் நன்றாக இருக்கிறாள். குடும்பம் என்றால் முதலில் கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும்.

ஞானசௌந்தரி


மேற்குத் தாம்பரம்,
10-9-1972

ஞானசௌந்தரிக்கு,

இந்தத் தடவை உன் பேரை முழுசாக எழுதியிருக்கிறேன். ஞானம் உனக்கு நிறைய இருக்கிறது. எனக்குத்தான் இல்லை.

இவர் தேடின வார்த்தைகள் வந்துவிட்டன. ஒவ்வொன்றாக வர நாலு நாள் ஆயிற்று. திங்கட்கிழமை "எட்மண்ட்". செவ்வாய் "வீட்ல". புதன்கிழமை "பாப்பா" என்றார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? யூனிஸ் முழுகாமல் இருக்கிறாளா என்று கேட்டேன், சிரித்துக்கொண்டே கேட்டேன். மேஜையை அடித்தார். அடித்த கை வீங்கிவிட்டது. வியாழக்கிழமை காலையில் எல்லாவற்றையும் சேர்த்து, கல்யாணத்தன்று பாடினோமே அந்த ராகத்தில் தட்டித் தட்டிப் பாடினார். எட்மண்ட் வீட்ல பாப்பா, அப்பான்னுது. பெசவாடா, பெசவாடா. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த வீட்டு வாசலில் அவர் பார்த்தது இதுதான். எனக்குக் காரணம் சொல்லாமல் ஒற்றை "வேணாம்" என்றதோடு நிறுத்தினாரே, ஏன் தெரியுமா? என் சிநேகிதம் கெட்டுப்போகும் என்றுதான், வேறென்ன இருக்கும்? முப்பத்தைந்து வருஷ சிநேகிதம்.

நேற்று, சனிக்கிழமை, யூனிஸ் வந்துவிட்டாள். ஒரே ஒரு டிரங்குப் பெட்டி. அவளே எல்லாம் சொன்னாள். கல்யாணத்துக்காக எட்மண்ட் அந்தப் பாப்பாவைப் பெற்ற பொம்பளையை இரண்டு தெரு தள்ளிக் குடிவைத்தானாம். மாதத்தில் பாதி நாள் அங்கே. கேட்டால் அடி. அந்தப் பிள்ளைக்கு மூன்று வயது. ஒரு நாள் தாயோடு வாசலில் வந்து நின்றதாம். பழைய கவுன், மார்பில் தேன்கூடு மடிப்பு. யூனிஸ் அதைத் தூக்கி ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாளாம். நீல முடிச்சு.

அந்த முடிச்சை என் மகளுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அதைப் போடுகிறவர்கள் உலகத்திலேயே மூன்று பேர்தான்.

ஆக, பேத்திக்குத்தான் கவுன் தைத்திருக்கிறாய். என் வீட்டுக் கூடத்தில், என் மகள் போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே தைத்திருக்கிறாய். அதைக்கூட மன்னிக்கலாம். பிறந்த பிள்ளை கவுன் இல்லாமல் இருக்க முடியுமா? கோயிலில் அந்த மனுஷர் எழுந்து நின்று கத்தினாரே, அதை நான் வேடிக்கையாக எழுதினேன். நீ படித்தபோது உனக்குப் புரிந்தது. எனக்குப் புரியாதது உனக்குப் புரிந்தது. புரிந்துதான் கார்டு போட்டாய், கூட்டிப்போகாதே என்று.

என்னை விட்டுவிட்டு உன்னை மட்டும் திட்டவில்லை. நம்பாதீர்கள் என்று டாக்டர் சொன்னார், தனம் சொன்னாள், யூனிஸ் கண்ணைப் பார் என்றாள். நான் எல்லோரையும் கேலி பண்ணினேன். தடை சொல்ல எழுந்தவரைச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவருக்கு இத்தனை மாதமும் எல்லாமே புரிந்துகொண்டிருந்தது. பெண் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ரயில் உங்க ரயிலு என்று ஜோக் அடித்தேன்.

இப்போது தினமும் ஒரு மணி நேரம் பாடுகிறோம். சோறு, தண்ணி, வெளிச்சம், யூனிஸ் எல்லாம் வந்துவிட்டது. "இல்லை" மட்டும் வரவில்லை. வாழ்நாள் முழுக்க அவர் சொன்ன வார்த்தை அது ஒன்றுதான். அதை எந்த ராகத்தில் வைத்துப் பாடினாலும் வரமாட்டேன் என்கிறது. எது முன்னால் வரும், எது பின்னால் வரும் என்று யாருக்கும் தெரியாது என்கிறார் டாக்டர். வராமலே போகலாமாம்.

நேற்று ராத்திரி யூனிஸ் அவர் காலடியில் உட்கார்ந்து, "அப்பா, என் மேல கோவமாப்பா?" என்றாள். அவர் அவள் தலையில் கை வைத்தார். "சரி" என்றார்.

அது என்ன சரி என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அவள் அழுதாள். நானும் அழுதேன். மூக்கு தக்காளியாகிவிட்டது, யாரும் சிரிக்கவில்லை.

இந்தக் கடிதத்தோடு நம் சிநேகிதத்தை முடித்துக்கொள்கிறேன். முடித்துக்கொள்ளட்டுமா என்று இவரைக் கேட்டால் சரி என்றுதான் சொல்வார். அதனால் இந்தத் தடவை அவரைக் கேட்கவில்லை.

திருமதி ஜெபராஜ்